முதல் தப்பு எந்தப் பக்கத்தில்? (உயர்நிலைப் பள்ளி வாசகர்க்கு வாழ்க்கை வரலாறு தேர்ந்து கொடுக்கும் முறை: சூத்திரமும் உரையும்)

பிழைமுன் வரீஇப் பெருமைபின் வரினே
தழுவுவர் இளையோர்; தலைகீ ழாயின்
பூச்சி தின்னும் புத்தகம் அதுவே.

என்பது சூத்திரம். இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு வாசகர்க்குத் தன்வரலாறும் வாழ்க்கை வரலாறும் தேர்ந்து கொடுக்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று. இயற்றியவன் யான். உரையும் யானே. வேறொருவர் உரை எழுதட்டும் என்று காத்திருந்தால் ஆய்வுப் பொருள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடும்.

பதவுரை: பிழை என்பது கதாநாயகர் செய்த தப்பு. முன் என்பது காலத்தால் அன்று, பக்க எண்ணால். பூச்சி என்றது இராமபாணத்தை. இளையோர் என்றது ஈண்டு என் அக்கா மகளை. பன்மை, மரியாதை கருதி.

ஆய்வுக் களம் கும்பகோணத்தில் அக்கா வீடு. காலம், ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் வருவதற்கு இடைப்பட்ட கோடை. மாதிரியின் அளவு ஒன்று. ஒன்று போதாது என்பாரும் உளர். அவர்கள் அந்த ஒன்றோடு ஒரு நாள் பேசிப் பார்த்தவர்கள் அல்லர்.

அக்கா வீட்டு அலமாரியில் மூன்று தலைமுறை ஆண்டு விழாப் பரிசுகள் இருக்கின்றன. தாத்தா கட்டுரைப் போட்டியில் வாங்கியவை, அக்கா பேச்சுப் போட்டியில் வாங்கியவை, அக்கா மகள் ‘நூறு சதவீத வருகை’க்காக வாங்கியவை. பெரும்பாலும் வாழ்க்கை வரலாறுகள். தூசி தட்டி ஒவ்வொன்றாகத் திறந்தேன். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட முதல் பக்கம் மட்டும் பலமுறை புரட்டப்பட்டிருந்தது. அட்டை முதல் அட்டை வரை முறையாகக் கடந்து சென்றதற்கான தடயம் இராமபாணத்துக்கு மட்டுமே உண்டு. சூத்திரத்தின் மூன்றாம் அடி பிறந்த இடம் இது.

இனி முன்னோர் கொள்கைகள். கனமான புத்தகம் நல்ல புத்தகம் என்பது தாத்தாவின் கொள்கை. பிள்ளை என்னவாக வேண்டுமோ அந்தத் தொழில் செய்தவரின் வரலாற்றைக் கொடு என்பது அக்காவின் கொள்கை. பிள்ளையின் விருப்பம் வாரம் ஒருமுறை மாறுவதால் நூலகமே போதாது. மூன்றாவது அத்தானுடையது. அட்டையில் இருப்பவர் தூரத்து வானத்தைப் பார்க்க வேண்டும் என்பார். நம்மைப் பார்த்துச் சிரிப்பவர் இன்னும் சாதிக்கவில்லை என்று பொருளாம். மூன்றையும் மறுக்கத் தனி அதிகாரம் வேண்டாம், அலமாரியே மறுப்பு.

ஆய்வைத் தொடங்கி வைத்தது மெல்லிய ஒரு பரிசு நூல். பெயர் வேண்டாம். அதில் வருபவர் பிறந்தவுடனேயே ஒழுக்கமாக இருந்தார். தெருவிளக்கில் படித்தார். தாய் சொல் தட்டவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் அக்கா மகள் நிமிர்ந்து, “மாமா, இவரு எப்பவாவது கெட்டவரா இருந்தாரா?” என்றாள். இல்லை என்றேன். “அப்புறம் இதுல என்ன நடக்கப் போகுது?” என்று மூடி வைத்தாள். தெருவிளக்கில் படித்தவர்கள் எல்லாருடைய தெருவிலும் நாயே கிடையாதா என்பது உபரிக் கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

அடுத்த நாள் காந்தியின் சத்திய சோதனை கொடுத்தேன். வகுப்பில் ஒப்பித்த பெயர் என்பதால் முகம் சுளித்தாள். இரண்டாம் அத்தியாயத்திலேயே ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவன் தப்பாக எழுதுகிறான். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று ஆசிரியரே பூட்ஸ் காலால் ஜாடை காட்டுகிறார். “வாத்தியாரே காப்பி அடிக்கச் சொல்றாரா?” என்று குப்புறப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். ஆய்வுக் குறிப்பேட்டில் இதை ‘நிலை மாற்றம்’ என்று பதிந்தேன். அப்புறம் பதின்மூன்று வயதில் கல்யாணம், திருட்டுத்தனமாக ஆட்டிறைச்சி, இரவில் வயிற்றுக்குள் அந்த ஆடே கத்துவது போன்ற பிரமை, சித்தப்பா அணைத்துப் போட்ட சிகரெட்டுத் துண்டுகள், ஊமத்தை விதை தேடிக் காட்டுக்குப் போனது, அண்ணன் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கம் கிள்ளியது. அதை எழுதிக் கொடுத்ததும் அப்பா வாய் திறக்காமல் அழுது, அந்தத் தாளைக் கிழித்துப் போடும் இடத்தில் அவள் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு நாட்டுக்கே தந்தை என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர், முதலில் ஒரு தந்தைக்குப் பயந்த பிள்ளை. பரிசு நூல்கள் மறைத்து வைக்கும் செய்தி இதுதான். தென்னாப்பிரிக்காவில் வழக்குகளும் உணவுச் சோதனைகளும் பெருகியபோது அவள் வேகம் குறைந்தது என்பதையும் நேர்மையாகப் பதிகிறேன்.

ஆன் ஃபிராங்க் இதைவிட விரைவு. 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு நாட்குறிப்பு கிடைக்கிறது. ஒன்பது நாள் கழித்து எழுதிய குறிப்பிலேயே வகுப்பில் ஓயாமல் பேசியதற்குக் கணக்கு வாத்தியார் கொடுத்த தண்டனை வந்துவிடுகிறது: வாயாடியைப் பற்றிக் கட்டுரை. அடங்காததால் இரண்டாவது கட்டுரை. அதற்கும் அடங்காததால் மூன்றாவது. அதைத் தோழியின் உதவியோடு பாட்டாகவே எழுதி வாத்தியாரைச் சிரிக்க வைத்த பிறகுதான் தண்டனை நின்றது. அதற்கு இரண்டே வாரத்தில் அந்தக் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிய வேண்டி வருகிறது. வாயாடிப் பெண்ணைப் பகல் முழுக்க வாய் திறக்கக் கூடாத அறையில் கொண்டுபோய் வைத்த கொடுமை, அந்த மூன்று கட்டுரைகளைப் படித்தவருக்கே முழுதாக உறைக்கும். கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்ட் 1. அதற்கப்பால் வெற்றுத்தாள். அன்று எங்கள் வீட்டிலும் யாரும் அதிகம் பேசவில்லை. மறுநாள் அக்கா மகள் ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னாள். அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இது ஆய்வின் பக்கவிளைவு, பொறுப்பேற்க இயலாது.

ஹெலன் கெல்லர் அம்மாவைச் சரக்கறையில் வைத்துப் பூட்டியவர். கற்றுக்கொடுக்க வந்த ஆசிரியையையும் மாடியறையில் பூட்டிச் சாவியை ஒளித்தவர். அப்பா ஏணி வைத்து ஜன்னல் வழியாக அவரை இறக்க வேண்டியிருந்தது. தன் கதையை அவர் 1903இல் நூலாக வெளியிட்டபோது கல்லூரி மாணவி. பூட்டிய குறும்பு இன்னும் ஆறவில்லை. சூத்திரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கலாமின் அக்கினிச் சிறகுகள் எல்லா வீட்டிலும் இருப்பது போல இங்கும் இரண்டு பிரதி. புளியங்கொட்டை பொறுக்கி ஓரணா சம்பாதித்ததும், ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட பேப்பர்க் கட்டுகளைப் பொறுக்கியதும் உடனே பிடித்தன. விமானப்படைத் தேர்வில் எட்டு இடம், அவர் ஒன்பதாவது என்ற இடத்தைத் தொலைபேசியில் தோழிக்கு வாசித்துக் காட்டினாள். ஏவுகணைத் தொழில்நுட்பம் வந்ததும் பக்கங்கள் கொத்தாகப் புரண்டன. 1979இல் எஸ்.எல்.வி. கடலில் விழுந்ததும் மறுபடி நின்றன.

வ.உ.சி. தன் சுயசரிதையைச் செய்யுளாகவே எழுதினார். திறந்தவுடன் அவள் கேட்டது: “இது மனப்பாடப் பகுதியா?” தமிழ்ப் பாடத்திட்டம் செய்யுளுக்குச் செய்த கேட்டை இந்த ஆய்வின் எல்லைக்குள் அடக்க முடியாது.

இனித் தடை. உ.வே.சா.வின் என் சரித்திரத்தில் கதாநாயகர் பிறப்பதற்கே சில அத்தியாயங்கள் ஆகின்றன. ஊர், முன்னோர், பாட்டனார், அப்புறந்தான் பிள்ளை. தப்பு என்று எதுவும் லேசில் அகப்படாது. சூத்திரப்படி அது பூச்சிக்கு உரியது. அவளோ விடவில்லை. ஏன்?

காரணம் இரண்டு கண்டேன். முதலாவது, அது 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது. 122 அத்தியாயங்களோடு பாதியில் நிற்கிறது. சத்திய சோதனையும் நவஜீவனில் 1925 முதல் 1929 வரை தொடராக வந்ததே. வாராவாரம் வாசகனை அடுத்த வாரத்துக்கு அழைத்துப் பழகிய நூலில், ஓர் அத்தியாயம் ஒரு குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே முடிந்துவிடும். இரண்டாவது காரணம்தான் உள்ளூர்ச் சரக்கு. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர், ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்தீர்கள் என்று கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்கிறார். இல்லை. “வாத்தியாருக்கே தெரியலையா?” என்றாள் அவள். குரலில் அத்தனை பரிவு. கெட்டில் வாத்தியாருக்கு அது கிடைக்கவில்லை. அந்த ‘இல்லை’யிலிருந்து ஏழு வருடத்தில், 1887இல், சீவக சிந்தாமணி அச்சேறியது. ஆகவே ஒரு புறனடை:

தெரியாது என்னும் ஒருசொல் உளதேல்
பிழையின் றெனினும் பிழையெனக் கொளலே.

அதே கல்லூரியில் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்ததையும் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனதையும் சொன்னேன். உ.வே.சா. ராமானுஜன் சேர்ந்ததற்கு முந்தைய ஆண்டே சென்னைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிக் கரைக்குப் போய்க் கல்லூரியை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடமே அழைத்துப் போயிருந்தால் பஸ்ஸில் தூங்கியிருப்பாள்.

கண்ணதாசனின் வனவாசம் ஆய்வுத் திட்டத்தில் இல்லை. அதை அக்கா, இந்த வயதில் வேண்டாம் என்று பரணில் ஏற்றிவிட்டாள். நான்கு நாள் கழித்து அதன்மேல் தூசி இல்லை. இதைப் ‘பரண் விதி’ எனத் தனியே வகுத்துள்ளேன்: நூல் எவ்வளவு உயரத்தில் வைக்கப்படுகிறதோ அவ்வளவு விரைவில் வாசிக்கப்படும். அத்தான் இதை ஏற்கவில்லை. புத்தகத்தை எடுத்தது தானே என்று அவர் சொல்லக்கூடும், சொல்லவில்லை.

ஜூன் வந்தது. பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு. இனிக் கதைப்புத்தகம் கூடாது என்று அக்கா ஆய்வை நிறுத்திவிட்டாள். அவள் அகராதியில் காந்தியும் கதைப்புத்தகமே. ஆய்வு நூல்கள் அனைத்தையும் சாக்கில் கட்டி அத்தானை விட்டுப் பரணில் ஏற்றினாள். நான் மறுப்புச் சொல்லாமல் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். சமையலறை ஸ்டூல் இப்போது கூடத்தில் கிடக்கிறது என்பது கடைசியாகக் கிடைத்த தரவு.