கணிப்பொறி எழாமை: ஓர் அபாவ விசாரம்

உலகத்து வஸ்துக்களையெல்லாம் ஏழு பதார்த்தங்களுக்குள் அடக்கிக் காட்டிய தார்க்கிகர்கள், அவற்றுள் ஏழாவதாக அபாவத்தை, அதாவது இல்லாமையையும் சேர்த்துக்கொண்டது குறித்து அக்காலத்திலேயே ஆட்சேபம் எழுந்தது. தரையில் குடம் இல்லையென்றால் வெறுந்தரை இருக்கிறது, அவ்வளவுதான். இல்லாமைக்கென்று தனி ஆசனம் எதற்கு என்பது பிரபாகர மீமாம்சகர் கட்சி. அவர்களுள் ஒருவரேனும் வருமான வரிக் கணக்கை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று மேஜைக்கடியில் குனிந்து, சி.பி.யு. பெட்டியின் பொத்தானை அழுத்தி, விளக்கும் எரியாமல், விசிறியும் சுற்றாமல், அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இல்லாமையைப் பிரத்தியட்சமாகக் கண்டிருப்பாரேயானால், அதற்கு ஓர் ஆசனமென்ன, சிம்மாசனமே தந்திருப்பார் என்பது எம் துணிபு.

அன்னம்பட்டரின் தர்க்க சங்கிரகம் அபாவத்தை நான்காக வகுக்கிறது. கணிப்பொறி விஷயத்தில் இப்பாகுபாடு வியக்கத்தக்க வகையில் பொருந்துவதை இதுவரை எவரும் எடுத்துரைக்காதது நமது கல்வி முறையின் குறைபாடே. உதிரிப் பாகங்களை வாங்கிவந்து மைந்தன் தானே பூட்டிய பெட்டி, முதன்முறையிலேயே எழ மறுப்பது பிராகபாவம். பெரும்பாலும் பிராசஸருக்கென்று தனியே வரும் எட்டு முனை 12 வோல்ட் இணைப்பை அவன் மறந்திருப்பான். நேற்று இரவு வரை சினிமாப் பாட்டுப் பாடிய பெட்டி இன்று ஊமையாவது பிரத்வம்சாபாவம். சுவருக்குள் கம்பியே இழுக்கப்படாமல், பார்வைக்கு மட்டும் பதிக்கப்பட்ட பிளக் பாயிண்டில் செருகி வைத்துவிட்டுக் காத்திருப்பது அத்தியந்தாபாவம். புதிதாகக் கட்டிய வீடுகளில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றாக இல்லாமையாகிய அந்நியோன்னியாபாவமே எல்லாவற்றிலும் நுட்பமானது. ஏனெனில், பொத்தான் சுவிட்ச் அன்று என்னும் பேருண்மை அதில்தான் அடங்கியிருக்கிறது.

முகப்பிலுள்ள பொத்தான் மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது என்பது பாமர அபிப்பிராயம். ஒரு காலத்தில் அது மெய்யாகவும் இருந்தது. பழைய ஏ.டி. வகைப் பெட்டிகளில் 230 வோல்ட் மின்சாரம் முகப்பு வரை தடித்த கம்பியில் வந்து, விரலுக்குக் கீழேயே கூடியும் பிரிந்தும் நின்றது. அழுத்தினால் எழுந்தது, மறுபடி அழுத்தினால் அணைந்தது, இடையில் எவருடைய சம்மதமும் வேண்டப்படவில்லை. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். விதிகளை வகுத்த பின்னர் பொத்தானின் அதிகாரம் பறிபோய், அது தாலுகா ஆபீசில் மனுக் கொடுக்கும் ஜன்னலாகிவிட்டது. விரல் பட்டதும் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒரு கணம் தொட்டு விலகுகின்றன. அச்செய்தியை மதர்போர்டு பெற்று, தனக்குச் சம்மதமானால் பச்சைக் கம்பியின் வழியாக மின்வழங்கிப் பெட்டியாகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு மேலனுப்புகிறது, எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 என்னும் மூவகை வோல்ட்டுகளையும் எழுப்பி, அவை நிலைபெற்றனவா என்று தானே சோதித்து, விநாடியில் பத்திலொரு பங்கு முதல் அரை விநாடி வரை தாமதித்துச் சாம்பல் நிறக் கம்பியில் சம்மதக் குறி அனுப்பிய பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்குகிறது. இந்த மனுவைப் பெற்றுக்கொள்ள எவரேனும் எந்நேரமும் விழித்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகவே, நாம் அணைத்துவிட்டதாக எண்ணிப் படுக்கப்போகும் இரவு முழுவதும் ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால் பாயிண்ட் சுவிட்சை அணைத்தாலன்றி இக்காலத்துக் கணிப்பொறி முற்றிலும் அணைவதில்லை. எழாமற்போவது மட்டும் உண்டு. அணைக்கும் அதிகாரத்தையாவது மனிதனுக்கு விட்டுவைத்தார்களே என்று ஆறுதல் கொள்ளலாம்: நான்கு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால், யார் சம்மதமும் இல்லாமலே பெட்டி அணைந்துவிடும்.

இனிச் சந்தேக சாஸ்திரத்துக்கு வருவோம். பழுதைத் தேடுகிறவன் அருகிலுள்ளதை முதலிலும் தொலைவிலுள்ளதை இறுதியிலும் சந்தேகிக்க வேண்டும் என்பது நியாயம். குடும்பங்களில் நிலவுவதோ இதற்கு நேர் விரோதமான முறை. அங்கே பாகங்கள் அவற்றின் அந்தஸ்தின்படி சந்தேகிக்கப்படுகின்றன. முதலில் மதர்போர்டு, அடுத்து பிராசஸர், பிறகு எஸ்.எம்.பி.எஸ்., பிறகு ரேம். பிளக்கைச் சந்தேகிப்பது தம் கல்வித் தகுதிக்கு இழுக்கென்று கருதுபவரே அநேகர். பெட்டிக்கு வந்த வியாதி கௌரவமானதாக இருக்க வேண்டும் என்னும் இந்த அந்தரங்க ஆசையே பாதிப் பழுதுகளை மறைத்துவைக்கிறது. ரிப்பேருக்கு வரும் இளைஞர் ஒவ்வொருவரும் இதை அறிவார். ஆகையால்தான் தொலைபேசியில் அவர்கள் குரலில் ஒரு கூச்சம் தொனிக்கிறது.

"சார், தப்பா நினைக்காதீங்க, பாயிண்ட் சுவிட்ச் போட்டிருக்கா?"

"தம்பி, நான் ரிட்டையர்டு இன்ஜினீயர்."

"சரிங்க சார். யு.பி.எஸ். ஆன்ல இருக்கா?"

இதற்குப் பிறகு மறுமுனையில் நிகழும் மௌனத்தின் நீளத்தைக் கொண்டு பழுதைச் சரியாக அனுமானிக்கலாம்.

சுவிட்சும் யு.பி.எஸ்.ஸும் குற்றமற்றவை என்று கண்டபின் அறிஞர் இரு கட்சியாகப் பிரிகின்றனர். எஸ்.எம்.பி.எஸ். வாதிகள் பிரத்தியட்சப் பிரமாணத்தையே நம்புபவர்கள். மதர்போர்டிலிருந்து 24 முனை இணைப்பைக் கழற்றி, காகிதம் கோக்கும் கம்பியை வளைத்துப் பச்சை முனையையும் கறுப்பு முனையையும் இணைத்துப் பார்ப்பார்கள். விசிறி சுற்றாவிட்டால் தீர்ப்பு நிச்சயம். சுற்றினாலோ அவசரப்பட்டு விடுதலை அளிக்கலாகாது. சுமையில்லாத வேளையில் யோக்கியனாக நடப்பதும், சுமை ஏறியவுடன் 12 வோல்ட் 11-க்குச் சரிவதும் அந்த ஜாதியின் இயல்பு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது: 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை உள்ளே ஒரு கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பின்பும் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும், அதைத் தொட்டு அனுபவ ஞானம் பெறுவதைக் காட்டிலும் இவ்விஷயத்தில் ஆப்த வாக்கியத்தை நம்புவதே உத்தமம்.

ரேம் வாதிகளின் ஆயுதம் பள்ளிக்கூட ரப்பர். நம் ஊரின் புழுக்கத்திலும் தூசியிலும் ரேம் பலகையின் பொன்முலாம் பூசிய பற்களில் கண்ணுக்குத் தெரியாத ஏடு படிந்து, விசிறியெல்லாம் சுற்றியும் திரையில் மட்டும் ஒன்றும் வராத அர்த்தஜீவ நிலை உண்டாகிறது. பலகையைக் கழற்றி, பற்களை ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளை வாயால் ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு (எச்சில் தெறிக்கும் என்பதை அநேகர் யோசிப்பதில்லை), இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். இது ரப்பரின் மகிமையா, கழற்றிச் செருகியதன் மகிமையா என்பது இன்னும் முடியாத வழக்கு. கழற்றிச் செருகியதே போதுமென்பது எம் கட்சி; ஆயினும் ரப்பர் தேய்க்காத இளைஞருக்கு வீட்டுக்காரர் கூலி கொடுக்க மனம் ஒப்பமாட்டார் என்னும் லௌகிக நியாயத்தை முன்னிட்டு ரப்பரைக் கண்டிக்கத் துணியவில்லை.

கெப்பாசிட்டர் உச்சி புடைத்த பழைய பலகைகளைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் வந்த பலகைகளுள் பல அவ்விதமே மாண்டன. சி.ஆர். 2032 என்னும் நாணய வடிவ பாட்டரிமீது பலரும் சுமத்தும் பழியோ பெரும்பாலும் அபாண்டம். அது தீர்ந்தால் கடிகாரம் பழங்காலத்துக்கு ஓடுமேயன்றிப் பெட்டி எழாமற்போவது அரிது.

எஞ்சியிருப்பது சாஸ்திரங்கள் மௌனம் சாதிக்கும் ஒரு நிலை. காலையெல்லாம் எழாத பெட்டி, இளைஞர் வந்து, நகர்த்தி, பக்கப் பலகையின் திருகைக் கழற்றும்போதே, தொட்ட மாத்திரத்தில் எழுந்துவிடுகிறது. பின்புறம் பாதி நழுவியிருந்த மூன்று முனைப் பவர் கார்டு நகர்த்திய அசைவில் தானே உட்கார்ந்துகொண்டது என்பது காரண காரிய விளக்கம்; வீட்டுக்காரருக்கு அது சிறிதும் உவப்பதில்லை. மதர்போர்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கக் காலையிலேயே மனத்தைத் திடப்படுத்திக்கொண்ட அவர், இப்போது முந்நூறு ரூபாய்க்கு வாதாடுகிறார்.

"ஒண்ணுமே பண்ணலையேப்பா நீ?"

"வந்ததுக்கு சார்."

ரூபாய் கைமாறுகிறது. அன்று மாலை நடைப்பயிற்சியில் பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தபோது, எஸ்.எம்.பி.எஸ். போயிருந்ததாகவே அவர் தெரிவித்தார்.