முரட்டு டயரும் முதுகெலும்பும்

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

நம் சின்னவன் தன்னுடைய பொலீரோ பிக்கப்புக்குப் பெரிய பெரிய பட்டன் வைத்த முரட்டு டயர்களைப் போட உத்தேசித்திருப்பதாகவும், அவற்றின் சௌகரியம் எப்படி என்று அமெரிக்காவில் விசாரித்து எழுதும்படியும் கேட்டிருந்தீர்கள். விசாரிக்க நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கனவான் அத்தகைய டயர் பூண்ட பிக்கப்பில்தான் என்னையும் ஏற்றிக்கொண்டு தினந்தோறும் ஆபீசுக்குப் போகிறார். ஆகையால் இவ்விஷயத்தில் நான் பெற்றிருப்பது புஸ்தக ஞானமன்று, முதுகெலும்பின் வழியாகச் சிரசுக்கு ஏறிய அனுபவ ஞானம்.

பிக்கப்பின்மீது இந்நாட்டார் வைத்திருக்கும் பிரேமை அலாதியானது. ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை வண்டிகள் 1977 முதற்கொண்டு நெடுங்காலமாகப் பிக்கப் விற்பனையில் முதலிடம் வகித்து வருகின்றன. மூட்டை முடிச்சுகளை ஏற்றுவதற்கென்றே பின்புறம் விஸ்தாரமான பாடி அமைத்திருந்தும், நம் கனவானின் வண்டியில் பெரும்பாலான நாட்களில் அங்கே பிரயாணம் செய்வது காற்று ஒன்றுதான். பாரத்தைத் தாங்கவென்று அமைந்த ஸ்பிரிங் பட்டைகள் பாரமில்லாத வேளையில் வளைந்துகொடுக்க மறுத்து, சாலையிலுள்ள ஒவ்வொரு மேட்டையும் உள்ளே அமர்ந்திருப்பவருக்குத் தவறாமல் அறிவித்துவிடுகின்றன. பனிக்காலத்தில் சக்கரம் வழுக்காதிருக்க அவர் பாடியில் மணல் மூட்டைகளைப் போட்டு வைப்பதுண்டு. அந்தச் சில மாதங்களில்தான் என் இடுப்புக்குச் சற்று ஓய்வு கிட்டுகிறது.

இப்படிப்பட்ட வண்டிக்குத்தான் அவர், இருந்த சாதுவான டயர்களைக் கழற்றிவிட்டு, சேற்று நிலத்துக்கென்று செய்த 'இ' வகுப்பு டயர்களை மாட்டினார். 'இ' வகுப்பென்றால் பத்து ப்ளை என்று கணக்கு. அந்நாளில் அது பருத்தி நூலடுக்குகளின் உண்மையான எண்ணிக்கையாயிருந்தது. இந்நாளில் பலத்தைக் குறிக்கும் அளவுகோல் மட்டுமே. மிகுந்த பாரத்துக்கு 80 பவுண்டு காற்றுவரை தாங்கக்கூடிய அந்த டயரின் பக்கச்சுவர், கஞ்சி போட்ட வேஷ்டியைப் போல் விறைத்து நிற்பதால், சிறு கல்லைக்கூடத் தான் விழுங்கிக்கொள்ளாமல் நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு டயரின் கனமும் அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் பாரம் கூடக்கூட, குழியில் இறங்கிய சக்கரத்தை அடக்கிப் பிடிப்பது ஷாக் அப்சார்பருக்குப் பிரம்மப் பிரயத்தனமாகிவிடுகிறது. மூடியில்லாத கோப்பையில் காபி எடுத்துச் செல்லும் வழக்கத்தை, சட்டையின் நன்மையை உத்தேசித்து, நான் கைவிட்டாயிற்று.

சப்தத்தைப் பற்றிச் சொல்லவில்லையே! பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தரையில் மோதுவதாலும், அவற்றின் இடுக்குகளில் அகப்பட்ட காற்று பிதுங்கி வெளியேறுவதாலும் ஓர் ஓலம் எழுகிறது. அது ஒரே ஸ்தாயியில் நின்று செவியைத் துளைக்கலாகாது என்ற கருணையினால், டயர் நிபுணர்கள் பட்டன்களைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி அடுக்குகிறார்கள். அதன் பலனாக ஓர் ஓலத்துக்குப் பதிலாகப் பலவித ஓலங்கள் நமக்குக் கிடைக்கின்றன. முன்பெல்லாம் ஐ-15 நெடுஞ்சாலையில் உலக விவகாரங்களை விஸ்தாரமாக அலசிக்கொண்டு போன நாங்கள், இப்போது சைகையினாலேயே ராஜீய விஷயங்களைத் தீர்மானம் செய்கிறோம். மேலும், 31 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குல டயர் வந்துவிட்டதால், மீட்டர் 60 மைல் என்று பணிவுடன் காட்டும்போது வண்டி 64 மைலில் பறக்கிறது. இந்த வித்தியாசத்தை அவருக்கு முதலில் எடுத்துரைத்தவர் போலீஸ்காரர்தான்.

ஆனால் தர்ம நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்ற இலையுதிர் காலத்தில் அவர் என்னை மோவாப் அருகேயுள்ள கேனியன்லேண்ட்ஸுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஷேஃபர் பாதை என்றொரு மண்தடம், 1950-களில் யுரேனியம் லாரிகளுக்காக விஸ்தரிக்கப்பட்டது, செங்குத்தான பாறைச் சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிறது. தடத்தின் தலைப்பில் வண்டியை நிறுத்திய கனவான், மண்டியிட்டு அமர்ந்து, ஒவ்வொரு வால்வாகத் திறந்து புஸ்ஸென்று காற்றை இறக்கி, 35 பவுண்டிலிருந்து 20 பவுண்டுக்குக் கொண்டுவந்தார். டயரின் அடிப்பாகம் பரந்து படிந்தது. வரிவரியாக அலையோடிக் கிடந்த மண்ணிலும் கூரிய கற்களிலும் அதே டயர் அத்தனை சாந்தமாக நடந்துகொண்டதை என் இடுப்பே நம்பவில்லை. தார்ச் சாலைக்குத் திரும்புமுன், காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறிக் கெட்டுவிடுமென்று சொல்லி, சிறு கம்ப்ரெஸரால் மறுபடியும் காற்றை ஏற்றினார். என் கஷ்டகாலமும் கூடவே ஏறிற்று.

ஆகவே என் சித்தாந்தம் இதுதான்: குறை டயருடையதன்று, அதை எங்கே ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. சின்னவன் தினமும் செங்கல் சூளைச் சேற்றில் இறங்கி ஏறுகிறவனானால் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். அப்போதும் கம்பெனி குறித்துள்ள அளவையும் பாரத்தையும் மீறாமல், சேற்றுக்கும் தாருக்கும் நடுத்தரமான பட்டன் டயராகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தார்ச் சாலையிலேயே போய்வருகிறவனுக்குக் கம்பீரம்தான் தேவையென்றால், வண்டியின் முகப்பில் குலதெய்வத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். பெயிண்டர் கூலியோடு செலவு தீர்ந்துவிடும். டீசலும் கூடுதலாகக் குடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமான்