லார்சனிடம் பந்து போனால்...

கே: ஸ்வீடன் கால்பந்து என்றாலே ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்தானே? நீங்கள் ஏன் ஹென்ரிக் லார்சன் புராணம் பாடுகிறீர்கள்?

ப: ஸ்லாட்டனின் புகழை ஸ்லாட்டனே பாடிவிடுவார். லார்சனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால் நாம்தான் பாட வேண்டும். யூஃபாவின் பொன்விழாவையொட்டி, ஐம்பது ஆண்டுகளில் தலைசிறந்த ஆட்டக்காரராக ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

கே: ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு வந்த முதல் லீக் ஆட்டத்திலேயே கோல் விழுந்ததாமே?

ப: விழுந்தது, செல்டிக் வலையில்! 1997 ஆகஸ்டில் ஹிபெர்னியனுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய லார்சன் தட்டிய பந்து, எதிரணியின் சிக் சார்ன்லியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் விடுவாரா? செல்டிக் தோற்றது. ஆனால் அதே பருவத்தின் கடைசி நாளில், செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே லார்சன் கோல் அடித்தார். தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்றிருந்த ரேஞ்சர்ஸின் பத்தாவது பட்டக் கனவு அன்று கலைந்தது. ஃபெயனூர்டிலிருந்து 6,50,000 பவுண்டுக்கு வந்தவர், 2004-இல் விடைபெற்றபோது 315 ஆட்டங்களில் 242 கோல் அடித்திருந்தார். ஒரு கோலின் விலையை நீங்களே வகுத்துப் பாருங்கள்.

கே: 1999-இல் லியோனில் கால் முறிந்த பிறகு ஆட்டம் குறைந்துவிட்டதா?

ப: அடுத்த பருவத்தில் 53 கோல். ஐரோப்பாவின் தங்கக் காலணியும் அவருக்கே.

கே: மாற்று ஆட்டக்காரராக இறங்கி அரை மணி நேரத்தில் ஒருவர் என்னதான் செய்துவிட முடியும்?

ப: 2006 மே 17, பாரிஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பத்துப் பேராகக் குறைந்துவிட்ட ஆர்சனல்தான் 1-0 என்று முன்னே நிற்கிறது. 61-ஆவது நிமிடம் பார்சிலோனா லார்சனை இறக்குகிறது, வயது 34. 76-ஆவது நிமிடம், இனியெஸ்டா அனுப்பிய பந்தை அவர் நிறுத்தக்கூட இல்லை. லேசாகத் தொட்டு எட்டோவின் பாதையில் திருப்பிவிட்டார். கோல். சில நிமிடங்களில், பெல்லெட்டியிடம் வாங்கிய பந்தை அவர் ஓடிவரும் இடத்துக்கே திருப்பித் தந்தார். மீண்டும் கோல், கோப்பை பார்சிலோனாவுக்கு. எல்லோரும் ரொனால்டினோவையும் எட்டோவையும் பற்றிப் பேசுகிறீர்கள், ஆட்டத்தை மாற்றியவர் லார்சன் என்று தோற்ற ஆர்சனலின் தியரி ஆன்றியே சொன்னார். கோல் அடித்தே பழகிய கால், அந்த இரவில் இரண்டு முறையும் பந்தை அடுத்தவருக்குக் கொடுத்தது. அவருடைய கோல்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பெரிது.

கே: மான்செஸ்டர் யுனைடெட்டில் மேலாளர் ஃபெர்குசன் இருக்கச் சொல்லியும் கிளம்பிவிட்டாரே, பிழைக்கத் தெரியாதவரா?

ப: ஸ்வீடனில் பனிக்கால இடைவேளை என்பதால் 2007-இன் தொடக்கத்தில் கடனாகப் போனவர். சொந்த ஊர்க் கிளப்பான ஹெல்சிங்போர்குக்குத் திரும்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார், மார்ச்சில் திரும்பினார். பிழைக்கத் தெரிந்தவர்கள் கால்பந்தில் ஏராளம். வாக்குத் தவறாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கே: அப்படிப்பட்டவர் 2002-இல் தேசிய அணியிலிருந்து ஓய்வை அறிவித்துவிட்டு, 2004 யூரோவுக்கு ஏன் வந்தார்?

ப: லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள், வீட்டில் மகன் யோர்டானும் கேட்டான். அதில் எதற்குப் பணிந்தார் என்று எந்த அப்பாவைக் கேட்டாலும் சொல்வார்! வந்தவர் பல்கேரியாவுக்கு எதிராகப் பறந்து தலையால் முட்டிய கோலைத் தேடிப் பார்த்துவிடுங்கள். கேட்ட மகன் வளர்ந்து ஆட்டக்காரரானார். 2013-இல், தன் 41-ஆவது வயதில், இளமையில் ஆடிய ஹோகபோர்க் கிளப்புக்காக அந்த மகனோடு ஒரே அணியில் லார்சன் களம் இறங்கினார்.