மூன்று குடும்பத்துக்குக் குறையாமல்

தனி ஆளாக மதம் மாறினால் என்ன நடக்கும் என்று திண்டிவனம் பக்கத்து ஊர்களில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். அன்று ராத்திரி பெண்டாட்டி சோறு போடமாட்டாள். மறுநாள் மாமியார் மூட்டை முடிச்சோடு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள். மூன்றாம் நாள் பங்காளி ஒருத்தன் களத்துமேட்டில் வைத்து ரெண்டு அறை விடுவான். நான்காம் நாள் நம் ஆள் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழுக்காகச் சொம்போடு நிற்பான். இது பிடிபட அமெரிக்க மிஷனெரிகளுக்குக் கொஞ்சம் காலம் ஆயிற்று. பிடிபட்டதும் ஒரு விதி செய்தார்கள்: ஒரு ஊரில் மூன்று குடும்பமாவது சேர்ந்து வந்து கேட்டால்தான் அந்த ஊருக்குச் சபை. ஆத்துமா ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் நியாயத்தீர்ப்புக்கு நிற்கும் என்று பிரசங்கம் செய்தவர்கள், பூலோகத்தில் மட்டும் மொத்தக் கொள்முதலுக்கு இறங்கி வந்தார்கள்.

வந்த குடும்பங்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. விக்கிரகத்தை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகக் கூடாது. தானாகச் செத்த மாட்டின் கறியைத் தொடக் கூடாது. முதலாவது ஓரளவு சுலபம். வந்தவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள், ஊர்க்கோயில் படியை யாரும் அவர்களை மிதிக்க விட்டதே இல்லை. இரண்டாவதில்தான் வம்பு. படியாளுக்கு ஏது ஞாயிறு? நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது, “இன்றைக்கு ஓய்வுநாள் சாமி” என்று போய் நின்றால் ஆண்டை என்ன சொல்லியிருப்பார் என்பதை அச்சில் போட முடியாது. மூன்றாவது நிபந்தனையைப் பற்றி மிஷனெரி தாராளமாகப் பேசலாம், பங்களாவில் அன்றைக்கு ஆட்டுக்கறி.

பிறகு 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இரண்டு வருஷம் தென்னகத்தையே உலுக்கி எடுத்தது. அதன் பின் சபைகளில் தலைக்கட்டு கூடியது. கஞ்சிக்காக வந்தவர்கள் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டல் செய்தவர்கள் வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. பசித்தவன் கஞ்சி ஊற்றியவன் பேச்சைக் கேட்டதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இந்தப் பக்கம் இப்படிக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தது என்றால், அந்தப் பக்கமும் ஒரு குடும்பம்தான். ஸ்கடர் குடும்பம். நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் கப்பல் ஏறினார். ஒரு நோயாளி வீட்டில் கிடந்த துண்டுப்பிரசுரத்தைப் புரட்டியதால் வந்த வினை என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் இருந்து, 1836இல் சென்னைக்கு வந்தார். மனைவி ஹாரியட் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளுக்கும் உபவாசம் இருந்து ஜெபிப்பாராம். நம் வீட்டில் பிறந்தநாளுக்குப் பாயசம், அங்கே பட்டினி. பலித்துவிட்டது: ஏழு மகன்கள் மிஷனெரி ஆனார்கள். அப்பா ஜவுளிக்கடை வைத்தால் பிள்ளைகள் ஊருக்கு ஊர் கிளை திறப்பார்கள் அல்லவா, அப்படி ஹென்றி, வில்லியம், ஜோசப் என்று மூன்று சகோதரர்கள் சேர்ந்து 1853இல் ஆற்காட்டு மிஷனைத் தொடங்கினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். நான்கு தலைமுறையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள், எல்லோருடைய ஊழியத்தையும் கூட்டினால் 1,100 வருஷத்துக்கு மேல் வரும் என்று ஒரு கணக்கு உண்டு. பல்லவர்கள்கூட இத்தனை காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

எந்தக் குடும்பத் தொழிலிலும் முரண்டு பிடிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். இங்கே அது ஐடா. கடைசி மகன் ஜானின் பெண். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, சின்ன வயதிலேயே தாது வருஷத்துக் குழந்தைகளின் வயிற்றைப் பார்த்து, இந்த ஊரும் வேண்டாம் இந்த ஊழியமும் வேண்டாம் என்று தீர்மானித்தவர். அமெரிக்காவில் நார்த்ஃபீல்டில் படிப்பு. நல்ல வசதியான இடத்தில் கல்யாணம், நல்ல வீடு என்று மனசில் ஒரு சித்திரம். 1890இல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி போனது. அப்போது அப்பா ஜானுக்குத் திண்டிவனத்தில் ஊழியம். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தார் ஐடா. திண்டிவனத்துக்கு அப்படி வந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

அடுத்து நடந்ததை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கால் வைத்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒரு ராத்திரி கதவு தட்டப்படுகிறது. வந்தவர் பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை, நீங்கள் வர வேண்டும் என்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறார் ஐடா. ஆண் பார்ப்பதா, அதற்கு அவள் செத்தே போகலாம் என்று திரும்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், முஸ்லிம். அதே கேள்வி, அதே பதில். பிறகு மூன்றாமவர், மேல்சாதி இந்து. அதே கேள்வி, அதே பதில். மற்ற எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் ஒரு விஷயத்தில் ஒரே குரலாக இருந்தார்கள், அதுவும் பெண்டாட்டி சாகும் விஷயத்தில். விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

புருஷன்மார் என்ன சாதி, என்ன மதம் என்று கதை பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எங்கள் பக்கத்தில் வரலாறு எழுதும் முறை அதுதான்: முதலில் ஆளுங்க யார் என்று விசாரிப்போம்.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெலில் பட்டம். 1900இல் வேலூர். பையில் ஆஸ்பத்திரி கட்ட ஒரு வங்கி முதலாளி மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலர். 1902இல் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. கோடீஸ்வரனைக் கட்டிக்கொள்ள நினைத்த பெண் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தொழிலை விட்டு ஓடப் பார்த்தவர்தான் குடும்பத்திலேயே பெரிய கிளையைத் திறந்தார். பிறகு அதே ஆஸ்பத்திரிக்கு அண்ணன் மகள் இன்னொரு ஐடா ஸ்கடர் டாக்டராக வந்தார். அந்தக் குடும்பத்தில் பெயர்தான் பற்றாக்குறை. திண்டிவனத்துக்குக் கிடைத்தது அண்ணன் வால்டர் ஸ்கடர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரிக்கான காரணம் திண்டிவனத்தில், ஆஸ்பத்திரி வேலூரில். எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல.

பெரியவர்கள் கதை அவ்வளவுதான். கிராமத்துச் சபையை நடத்தியது டாக்டர் துரை அல்ல, உபதேசியார். திங்கள் முதல் வெள்ளி வரை வாத்தியார், ஞாயிறு போதகர், நடுவில் மனு எழுதுபவர், தபால் படிப்பவர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நீதிபதி. மண்சுவர், கூரை, பாய், ஒரு அரிக்கேன் விளக்கு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் எல்லாப் பக்கமும். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்து ஞாயிறு கொண்டுவருவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. யார் வீட்டுப் பிடி சின்னது என்பது ஐயரம்மாவுக்கு, அதாவது போதகர் மனைவிக்கு, தெரியும். ஆகவே ஊருக்கும் தெரியும்.

மிஷன்காரர்கள் நாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டதுதான் வேடிக்கை. செஞ்சி, திண்டிவனம் அமெரிக்கர்களுக்கு. திருக்கோவிலூர் பக்கம் டென்மார்க்காரர்களுக்கு. ஒருவர் எல்லையில் மற்றவர் வலை வீசக் கூடாது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுச் சாமியார்கள் மட்டும் இந்தப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாமல் எங்கும் போனார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறலாம், சபை மாற முடியாது. கல்யாணம் ஆனால் மட்டும் விதிவிலக்கு. திருக்கோவிலூர்ப் பெண் திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டால் தாலி ஏறிய கையோடு டென்மார்க்காரர்களின் லுத்தரன் போய் அமெரிக்கர்களின் ரெபார்ம்டு ஆகிவிடுவாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மாமியாருக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. சண்டைக்கு வேறு விஷயங்கள் இருந்தன. 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது அமெரிக்கர்களின் சபைகள் அதில் சேர்ந்தன, டேனிஷ் வழி லுத்தரன்கள் வெளியே நின்றுகொண்டார்கள். சம்பந்திகள் பத்திரிகையில் சபையின் பெயரை மாற்றி அடித்தார்கள்.

சாதி விஷயத்தில் மிஷனெரிகள் செய்த முயற்சியைக் குறைசொல்ல மனம் வராது, ஆனால் இடம் மாறித் தேடினார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிகள் மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. லைப்சிக் என்ற ஜெர்மன் மிஷன் இதில் வளைந்துகொடுக்கிறது என்று கோபித்துக்கொண்டு கார்ல் ஆக்ஸ் என்ற ஜெர்மானியர் விலகி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக மிஷன் தொடங்கி, பிறகு டேனிஷ்காரர்களோடு சேர்ந்தார். நல்ல மனுஷன். ஆனால் நம்மவர்கள் பரீட்சை எழுதுவதில் கெட்டிக்காரர்கள். சாப்பிடு என்றால் சாப்பிட்டார்கள், பாஸானார்கள், வீட்டுக்கு வந்து பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது குரலைத் தாழ்த்தி, “அவங்க என்ன ஆளுங்க?” என்றார்கள். சாதி பந்தியில் இல்லை, ஜோடி சேர்க்கும் இடத்தில் இருந்தது.

கத்தோலிக்கர் கதை இன்னும் பழசு. புதுச்சேரிக் கோயிலுக்குள் சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் இருந்ததையும், 1745இல் சாமியார் அதை இடிக்கச் சொன்னதையும், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் களேபரத்தில், நகையும் வாசனையும் மெல்லிய மஸ்லினுமாகக் கோயிலுக்கு வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாளைப் பார்த்து, சாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரம்பால் கொண்டையைத் தொட்டுக் கண்டபடி பேசியதும் பதிவாகியிருக்கிறது. சமத்துவம் பேச வந்தவர் புடவைக்குப் போய்விட்டார். சுவர் போன பிறகும் கோடு போகவில்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சர்க்கார் தன் பங்குக்கு 1950இல் ஒரு காமெடி செய்தது. பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்று ஜனாதிபதி உத்தரவு. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் உள்ளே வந்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வாசலில். தமிழ்நாட்டில் மதம் மாறியவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டில் யோசுவா, பள்ளிச் சான்றிதழில் முருகேசன். அண்ணன் ஒரு மதம், தம்பி ஒரு மதம், அம்மா ஞாயிறு மட்டும். ஆராதனையில் போதகர் ஐயர், “முருகேசன் வந்து வேதபாடம் வாசிப்பார்” என்று வாய் தவறிச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வருஷத்தில் ஒரு நாள் இதெல்லாம் மறந்துபோகும், அது அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சல் பீடத்துக்கு முன்னால் வரும்: நெல் மூட்டை, கேழ்வரகு, வேர்க்கடலை, வாழைத்தார், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் ஏலம். சேவல் அறுபதில் ஆரம்பித்தால் கூட்டம் சும்மா இருக்கும். பரங்கிக்காயைத் தூக்கினால்தான் எழுந்து நிற்பார்கள், ஏனென்றால் அதில் மாமன் மச்சான் ரெண்டு பேருக்கும் மானப் பிரச்சினை. பத்து ரூபாய்க் காய் ஐந்நூறைத் தாண்டும். “மச்சான், உன் சந்தா பாக்கியை முதல்ல கட்டு” என்று ஒரு குரல். “கல்லறைக்கு இடம் கேட்கும்போது கட்டிக்கிறேன், நீ மேல சொல்லு” என்று மறுகுரல். அறுநூற்றைம்பதில் காய் முடியும். ஜெயித்தவர் அதை ஐயரம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போவார். பொருளாளர் நோட்டில் எழுதுவார்: பரங்கி 1, ரூ.650, பாக்கி.