ஊர் பெரிசு, வீடு சிறுசு

எங்கள் நகராட்சியை மாநகராட்சியாகத் தரம் உயர்த்த வேண்டும் என்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்ட அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பட்டாசு வெடித்தார்கள். தரம் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. உயர்த்தச் சொல்லித் தீர்மானம்தான். அதற்கே பத்தாயிரம் வாலா. மறுநாள் முடிவெட்டப் போனேன். சலூன்காரர் இருபது ரூபாய் கூடுதலாகக் கேட்டார். என்னப்பா என்றால், “இனிமே மாநகராட்சி சார்” என்றார். அரசாணை வரும் முன்பே அமலுக்கு வந்த திட்டம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஊர்க்காரர்களின் ஆசையைக் குறை சொல்ல முடியாது. 2021-இல் கும்பகோணம், கரூர், சிவகாசி எல்லாம் மாநகராட்சி ஆயின. 2024-இல் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை நான்கும் சேர்ந்து, மாநிலத்தில் மாநகராட்சிகளின் எண்ணிக்கை 25-ஐத் தொட்டது. எங்கள் சம்பந்தி காரைக்குடிக்காரர். “நாங்க இப்ப கார்ப்பரேஷன்” என்று அவர் போனில் சொன்ன நாளிலிருந்து என் மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு மன்றக் கூட்டம் பார்க்கப் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. மின்விசிறி உண்டு, டிக்கெட் கிடையாது, டிவி சீரியலைவிடக் கதை வேகமாக நகரும். கூட்டப்பொருள்களை ஒருவர் ஒரே ராகத்தில் வாசித்துக்கொண்டே போவார். மோட்டார் பழுது பார்த்த செலவு, தெருவிளக்கு வாங்கிய செலவு, “அவசர அவசியம் கருதி” எப்போதோ முடித்துவிட்ட வேலைக்கு இப்போது அனுமதி. ஆறேழு பொருள் தாண்டியதும் பின்வரிசையிலிருந்து “ஆல் பாஸ், ஆல் பாஸ்” என்று குரல் வரும். அதற்குள் கேன்டீன் பையன் வடைத் தட்டோடு வாசலுக்கு வந்திருப்பான். குரலுக்கும் வடைக்கும் உள்ள தொடர்பை நான் ஆராயவில்லை.

மாநகராட்சித் தீர்மானம் போட்ட அன்று ஆல் பாஸ் எடுபடவில்லை. ஒரு பெண் கவுன்சிலர், தன் வார்டுக் குழாயில் பிடித்த தண்ணீரைப் பாட்டிலோடு கொண்டுவந்து தலைவரின் மேசையில் வைத்தார். நல்ல டீ நிறம். பக்கத்திலேயே தலைவருக்கு வந்த டீயும் இருந்தது. பதில் சொல்லி முடிக்கும் வரை தலைவர் டீ டம்ளரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. இந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கி 2022-இல் தேர்தல் நடந்ததே, அதில் வந்தவர். முதல் வருடம் அவருக்குப் போன் போட்டால் கணவர்தான் எடுப்பார், கணவர்தான் வாக்குறுதி தருவார். இப்போது அம்மாவே எடுக்கிறார். எந்தத் தெரு முனையில் எந்த வால்வு கசிகிறது என்பது வரை சொல்கிறார். கணவருக்குப் பாட்டில் பிடித்துத் தரும் பொறுப்பு.

பிறகு 14-ஆம் பொருள், மாநகராட்சி. ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, இந்த ஊரின் தொன்மை, கோயில், கல்லூரிகள், வாகன நெரிசல் எல்லாவற்றையும் பெருமையாக அடுக்கினார். நெரிசலைப் பெருமைக் கணக்கில் சேர்த்த பேச்சை அன்றுதான் கேட்டேன். ஒரு சங்கடம் என்னவென்றால், கையில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கு 2011-இல் எடுத்தது. அந்தக் கணக்குப்படி எங்கள் ஊரில் அதன் பிறகு யாரும் பிறக்கவில்லை. ஆனாலும் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்தது 15-ஆம் பொருள், சொத்து வரி. அதே உறுப்பினர் அதே மூச்சில், “இந்த ஏழை ஊரின் தலையில் வரியைச் சுமத்துவதா?” என்று முழங்கி வெளிநடப்பு செய்தார். மாநகரம் ஏழை ஊராக மாற ஒரு பொருள்கூட இடைவெளி தேவைப்படவில்லை.

வரிக் கதை நீளமானது. சென்னைக்கு வெளியே 2008-க்குப் பிறகு சொத்து வரியை யாரும் நிலையாக உயர்த்தவில்லை. 2018-இல் உயர்த்திவிட்டு அடுத்த வருடமே நிறுத்திவைத்தார்கள். 15-ஆவது நிதிக்குழு வந்து, மானியம் வேண்டுமானால் மாநிலப் பொருளாதாரம் வளரும் வேகத்தில் வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தது: நகராட்சிகளில் வீடு 600 சதுர அடி வரை இருந்தால் 25 சதவீதம் உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100.

அந்த வாரமே எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் சுருங்க ஆரம்பித்தன.

கிரகப்பிரவேசத்தில் “ஆயிரத்து ஐநூறுக்குக் குறையாது” என்று பந்தியில் வைத்துச் சொன்ன வீடுகள்தான். பில் கலெக்டர் டேப்போடு வந்ததும் எதிர்வீட்டு வாத்தியார், “சுவத்துக் கனத்தைக் கழிச்சிருங்க, சுவத்துக்குள்ளயா சார் குடியிருக்கோம்?” என்று தொடங்கினார். அவர் வீட்டம்மா, “பூஜை ரூமுக்குமா வரி? அது சாமி இடம்” என்றார். மாடிப்படி மொட்டை மாடிக்குப் போவதற்கான வழிதானே ஒழிய வீடு ஆகாது என்று ஒரு வாதம். மூன்று தலைமுறை தாங்கும் என்று மேஸ்திரி சத்தியம் செய்த பின்கட்டு, அன்று “எப்ப விழுமோன்னு இருக்கு” என்ற நிலைக்கு வந்தது. எங்கள் வீடு 1,240. அந்த நாற்பதை எங்கே ஒளிப்பது என்று என் மனைவி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். பில் கலெக்டர் இவர்களைப்போல ஆயிரம் பேரைப் பார்த்தவர். பேசவிட்டு, எழுதிக்கொண்டு, மோரையும் குடித்துவிட்டுப் போனார். நாற்பதும் சேர்ந்தே போனது.

டேப்புக்காவது மோர் கொடுத்துப் பேசலாம், ட்ரோனுக்கு என்ன கொடுப்பது? கோயம்புத்தூரில் ட்ரோனைப் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளந்து, அது மன்றத்தில் பெரிய கூச்சலானது. செய்தியைப் படித்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு வானத்தின் மேல் ஒரு கண். போன தை முகூர்த்தத்தில் அடுத்த தெரு மண்டபத்திலிருந்து ஒரு ட்ரோன் எழும்பியது. வாத்தியார் நான்கு படிக்கு ஒரு படியாகத் தாவி மாடி ஏறி, புதிதாகப் போட்ட தகர ஷெட்டின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். அது மாப்பிள்ளை அழைப்பைப் படம் எடுக்க வந்த ட்ரோன். கல்யாண ஆல்பத்தில் தார்ப்பாயோடு அவரும் இருக்கிறாராம்.

வரி உயர்வை எதிர்த்து நகராட்சி வாசலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நின்றதும் இதே வாத்தியார்தான். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்றதும் ஏப்ரல் முதல் வாரத்தில் கவுன்ட்டரில் முதல் ஆளாக நின்றதும் அவர்தான். இரண்டிலும் ஒரே சட்டை.

மாநகராட்சி ஆக வேண்டுமானால் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்க்க வேண்டும் அல்லவா? அதில் ஒன்று என் மைத்துனன் ஊர். சேர்ந்துவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று அந்த ஊரே திரண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வந்தது. மைத்துனன் மனுக் கொடுத்த கையோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டான். நான் நகர வாழ்க்கையின் மேன்மையை எடுத்துச் சொன்னேன். பாதாள சாக்கடை வரும், அகலமான ரோடு வரும் என்றேன். குழாயைத் திறந்து கையை நீட்டியவன், விழுந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, குடத்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு இலைக்கு வந்தான்.

“அத்தான், ஒண்ணு பண்ணுங்க. எங்களை ஏன் இழுக்கிறீங்க? உங்க ஊரை எங்க பஞ்சாயத்தோட சேர்த்துருங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

நான் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. ரசக் கரண்டியை அப்படியே பிடித்தபடி, “ஏண்டா தம்பி, அங்க ஆயிரத்து இருநூத்தி நாப்பது சதுர அடிக்கு வரி எவ்வளவு வரும்?” என்றாள்.