கார் நாற்பது: ஒரு புத்துரை

கார் நாற்பது என்றதும் மதுரைக் கண்ணங்கூத்தனார் நினைவுக்கு வருபவர்கள் இந்த இடத்திலேயே விடைபெறலாம். அவர் பாடியது மழைக்காலத்தையும் தலைவனுக்காகக் காத்திருந்த தலைவியையும். இங்கே ஆராயப்படுவது அக்னி நட்சத்திரத்தில், வேலூரில், வீட்டு வாசலில் நின்றபடி, தான் இழுக்கும் காற்று மைனஸ் 40 டிகிரியில் இருப்பதாக அறிவித்த ஒரு பெட்ரோல் கார். இங்கும் ஒரு தலைவி காத்திருந்தார்; கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஆகவே ஆய்வுக்குத் தடையேதும் இருக்கவில்லை.

முதலில் மூலபாடம். டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கு வெறும் அட்டைதான். நூலைப் புரட்ட, ஸ்டீரிங்குக்குக் கீழே முழங்கால் இடிக்கும் இடத்தில் இருக்கும் 16 பின் சாக்கெட்டைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களில் கட்டாயமான ஓபிடி-2 ஏற்பாடு அது. நம்மூர் பிஎஸ்6 கார்களிலும் உண்டு. தீப்பெட்டி அளவிலான ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை அதில் செருகி, போனில் ஆப்பைத் திறந்தால் ஐந்தெழுத்து மந்திரம் கிட்டும்: பி0113.

இனி பதவுரை. ‘பி’ என்பது திணை. எஞ்சினும் கியரும் அதில் அடக்கம். ‘0’ என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொது வழக்கு. அங்கே 1 நின்றிருந்தால், தயாரித்தவர் தம் வீட்டு வழக்கில் வைத்துக்கொண்ட கோட் என்று கொள்க. அடுத்து நிற்கும் ‘1’ காற்றையும் எரிபொருளையும் அளக்கும் துறை. எஞ்சிய ‘13’, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்கிறது. நூல் இவ்வளவே. ‘சென்சாரை மாற்றுக’ என்று மூலத்தில் ஓரெழுத்தும் இல்லை. அது பிற்கால இடைச்செருகல் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இடைச்செருகியவர் யார்? உரைமரபுகளைப் பார்த்தால் தெரியும். எதிர்வீட்டு மரபினர், “பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு சார்” என்பர். எந்த விளக்கு எரிந்தாலும் அவர்கள் உரை அதுதான். சர்வீஸ் சென்டர் மரபினர் நச்சினார்க்கினியரின் வழிவந்தவர்கள். கொண்டுகூட்டிப் பொருள் கொள்வதில் நிகரற்றவர்கள். பி0113 என்ற ஒற்றை அடியோடு த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், புது ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் வரை கூட்டி எஸ்டிமேட் போட்டுவிடுவார்கள். காற்றின் வெப்பத்துக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் என்ன உறவு என்று கேட்கத் துணிந்த மாணவனை நான் இதுவரை கண்டதில்லை.

உண்மையான சிக்கல் வேறு. ‘அதிகம்’ என்கிறது கோட். மைனஸ் 40 என்கிறது திரை. மேலோட்டமாகப் பார்த்தால் முரண். தீர்க்க 1833-க்குப் போக வேண்டும். சூடு ஏற ஏறச் சில்வர் சல்ஃபைடின் மின்தடை குறைவதை மைக்கேல் ஃபாரடே அந்த ஆண்டு பதிவு செய்தார். உலோகங்களில் நடப்பதற்கு இது நேரெதிர். நம் சென்சாருக்குள் இருக்கும் மிளகளவு தெர்மிஸ்டரும் அதே குணம் கொண்டது. எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு, தன்னுள் இருக்கும் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. காற்று சூடானால் தெர்மிஸ்டரின் தடை குறைந்து வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். ஒயரே அறுந்துபோனால் தடைக்கு எல்லையில்லை. 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். ஈசியுவின் அகராதியில் அதற்குப் பொருள், ‘தாங்க முடியாத குளிர்’.

அந்தக் குளிர் ஏன் மைனஸ் 40-இல் நிற்க வேண்டும்? ஸ்கேனருக்கு இந்த வெப்பநிலை 0 முதல் 255 வரையிலான ஒரே ஒரு எண்ணாகப் போகிறது. அதிலிருந்து 40-ஐக் கழிக்க வேண்டும் என்பது விதி. ஆக, அனுப்பக்கூடிய கடைசிக் குளிர் மைனஸ் 40. உச்சச் சூடு 215. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒத்துப்போகும் ஒரே இடமும் மைனஸ் 40 என்பதால், இந்தப் பொய்யை அமெரிக்கரும் நாமும் ஒரே எண்ணில் படிக்கிறோம். ஈசியு இதை நம்பினால் ஆபத்து: அந்தக் குளிரில் காற்று, நம் 40 டிகிரிக் காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது, அதற்கேற்பப் பெட்ரோலைக் கொட்டும். ஆனால் ஈசியு அவ்வளவு ஏமாளி அல்ல. கோட்டைப் பதிந்த கையோடு ஒரு உத்தேச வெப்பநிலையை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிவிடும். மைலேஜ் கொஞ்சம் கையைக் கடிக்கலாம், அவ்வளவுதான்.

இனிக் களஆய்வு. பானெட் ஆறிய பிறகு, ஏர் ஃபில்டர் டப்பாவை ஒட்டிய குழாயில் செருகியிருந்த சென்சாரின் கனெக்டரைக் கழற்றினோம். பூட்டை அழுத்தாமல் இழுத்தால் அது உடையும். உடைந்த கனெக்டர்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். சாவியை ஆனில் வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், வளைத்த ஜெம் கிளிப்பால் கனெக்டரின் இரண்டு துளைகளையும் இணைத்துவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டும். எண் நூறைத் தாண்டிக் குதித்தால் ஒயர் நலம், ஈசியு நலம், சென்சார்தான் காலி. மைனஸ் 40-இலேயே உட்கார்ந்திருந்தால் சென்சார் நிரபராதி. இந்தச் சோதனை இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டுமே. பல சின்னக் கார்களில் இதுவும் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரும் ஒரே உடம்பாக நான்கு ஒயரோடு இருக்கும். ஒயரிங் படம் பார்க்காமல் அங்கே ஜெம் கிளிப்பை நீட்டுவது ஆய்வல்ல, வம்பு.

நம் எண் அசையவில்லை. சென்சாருக்கும் ஒரு வாய்ப்புத் தரவேண்டுமே என்று மல்டிமீட்டரை வைத்தோம். பல கார்களில் அறை வெப்பத்தில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும், இதுவும் அப்படியே. ஹேர் டிரையரைப் பிடித்ததும் தடை மளமளவென்று இறங்கியது. ஆசாமி யோக்கியன்.

ஒயரைத் தொட்டுக்கொண்டே போனபோது, பேட்டரித் தட்டின் ஓரத்தில், காய்ந்துபோன ஒரு தேங்காய்ச் சில். அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, கறுப்புச் சுருள் குழாய் பொடிப்பொடியாகக் கடிபட்டு, உள்ளே ஒரு ஒயர் அறுந்து செம்பு பளபளத்தது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் அதற்குக் கஷ்டம். எஸ்டிமேட்டில் எலிக்கு ஒரு வரிகூட இல்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க. அறுந்ததைச் சீவி, முறுக்கி, ஈயம் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கினோம். டேப் சுற்றினால் போதாதா என்பவர்களுக்கு: எஞ்சின் சூட்டில் அதன் பசை உருகி வழிந்து, அடுத்த மழையில் கோட் திரும்ப வரும்.

கடைசியாக, விளக்கை அணைக்கும் சடங்கு. இதில் இரண்டு மதங்கள். பொறுமை மதத்தார் எதையும் தொடமாட்டார்கள். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தலைகாட்டாவிட்டால் விளக்கு தானே அணையும். எஞ்சின் குளிர்ந்து சூடாவது 40 முறை நடந்தால் கோட் நினைவிலிருந்தும் அழியும். மீண்டும் நாற்பது! கண்ணங்கூத்தனாருக்கு இதில் பங்குண்டா என்பதை இளைய ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். மற்றது பேட்டரி மதம்: நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டுவது. கோட் போகும், கூடவே ரேடியோ ஸ்டேஷன்களும் எஞ்சின் கற்றுவைத்திருந்த ஐடில் பாடமும் போகும். இம்மதத்தாரை அடையாளம் காண்பது எளிது. உச்சி வெயிலில் அவர்கள் காரில் ஏறிப் பார்த்தால், டாஷ்போர்டு கடிகாரத்தில் விடிகாலை மூன்றேகால் ஆகியிருக்கும்.