செயின்ட் லூசியாவின் முதல் கணக்கு

கேள்வி: கல்லூரிப் பந்தயத்தில் ஜெயிப்பவர்கள் ஒலிம்பிக்கிலும் ஜெயிப்பார்களா சார்?

பதில்: ஜூலியன் ஆல்ஃபிரெட் ஜெயித்தாரே! மொத்த ஜனத்தொகை இரண்டு லட்சம்கூட இல்லாத செயின்ட் லூசியா தீவுப் பெண். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். 14 வயதில் வீட்டைப் பிரிந்து ஜமைக்காவில் பயிற்சி. பிறகு அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகம். 2023-ல் கல்லூரிகளுக்கான உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டரை 6.94 விநாடியில் கடந்தார்.

அடுத்த ஆண்டு பாரிஸ். மழை ஈரத்தில் 100 மீட்டர், 10.72 விநாடி, தங்கம்! இரண்டாவதாக வந்தவர் அப்போதைய உலகச் சாம்பியன் ஷகாரி ரிச்சர்ட்சன். இடைவெளி 0.15 விநாடி. 100 மீட்டரில் அது ஒரு மைதானத் தூரம் ஐயா! அதுவரை செயின்ட் லூசியாவுக்கு ஒலிம்பிக்கில் வெண்கலம்கூட வாய்த்ததில்லை. மூன்றே நாளில் 200 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார். கணக்கைத் தொடங்கிய கையோடு அடுத்த டெபாசிட்டும் போட்டுவிட்டார், மகராசி!